குவாண்டனாமோ: கைதியை அனுப்பும் முடிவு யார் கையில்?

கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ ராணுவச் சிறையின் கைதிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை யார் தீர்மானிப்பது என்ற வாதத்தில் நான் ரொம்ப நாள் நீதிமன்றத்தின் பக்கம் இருந்தவன். உய்குர் (சீனாவின் முஸ்லிம் சிறுபான்மையினர்) கைதிகளின் கதையைப் படித்தபின் அமெரிக்க அதிபர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

சிறையில் வைத்தது சட்டப்படி சரியா என்று பார்க்க நீதிபதியை விட்டால் ஆள் இல்லை. 2008-இல் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்துவிட்டது. அதில் எனக்குப் பேச்சே இல்லை. சிக்கல் அடுத்த படியில்தான்: விடுவித்து எங்கே அனுப்புவது?

அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி ரிக்கார்டோ உர்பினா, 17 உய்குர்களை அமெரிக்காவுக்குள்ளேயே விடுவிக்க உத்தரவிட்டார். சீனாவுக்கு அனுப்பினால் சித்திரவதை நிச்சயம் என்ற அச்சம். நாட்டுக்குள் யாரை விடுவது என்பது நீதிபதியின் வேலை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 பிப்ரவரியில் அதை ரத்து செய்தது. அப்புறம் நடந்ததெல்லாம் தூதரக வேலை. 4 பேரை பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட பெர்முடா தீவு ஏற்றது. தன்னைக் கேட்காமல் செய்ததாக பிரிட்டன் முகம் சுளித்தது. 6 பேர் பலாவுக்குப் போனார்கள். சீனாவுக்குப் பதில் தைவானை அங்கீகரித்த குட்டித் தீவு நாடு அது, பெய்ஜிங்கின் கோபத்துக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை. கடைசி 3 பேர் ஸ்லோவாகியா போய்ச் சேர 2013 டிசம்பர் ஆகிவிட்டது. வாங்கிக்கொள்ள ஒரு நாடு இல்லாவிட்டால் விடுதலைத் தீர்ப்பு வெறும் காகிதம். அந்த நாட்டைத் தேடிப் பேரம் பேச நீதிபதியால் முடியுமா?

நாடாளுமன்றம்? கைதியை அனுப்பும் முன் தனக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று அது கேட்பது நியாயம்தான். 2014 மே மாதம், தாலிபான் பிடியில் இருந்த போ பெர்க்டால் என்ற அமெரிக்க ராணுவ வீரரை மீட்க 5 தாலிபான் கைதிகளை ஒபாமா கத்தாருக்கு அனுப்பியபோது அந்த அறிவிப்பைத் தரவில்லை. அது சட்டமீறல் என்று அரசின் தணிக்கை அமைப்பே சொன்னது. ஆனால் தேர்தலை நினைத்துக்கொண்டிருக்கும் 535 நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையில் ஒவ்வொரு கைதியின் பெயரையும் கொடுத்தால் எவனும் வெளியே வரமாட்டான்.

சரி, அதிபர் மட்டும் ஒழுங்கா? 11 ஏமனியர்களை ஓமனுக்கு அனுப்பும் திட்டம் 2023 அக்டோபரில் கடைசி நேரத்தில் நின்றது. அவர்கள் போனது 2025 ஜனவரியில். அதனால் முடிவு அதிபருடையதாக இருந்தாலும் நீதிமன்றம் அவருக்குக் கெடு வைக்கலாம் என்பேன். அந்தக் கெடு எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதில் எனக்கே அரை நம்பிக்கைதான்.