பழைய சோனகத் தெருவில் ஒரு வால்வுப் பட்டறை

கொழும்பு 12, பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளுக்குப் பின்னாலுள்ள சந்தொன்றில் இயங்கும் சிறிய வால்வுப் பட்டறையைப் பற்றிய மதிப்பீடு இது. எங்கள் தொழிற்சாலைப் பம்பி அறையில் 8 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீரை 3 பாராகக் குறைப்பதற்காகக் கால்வாசி மட்டும் திறந்து வைத்திருந்த பட்டர்ஃபிளை வால்வை (குழாய்க்குள் திரும்பும் வட்டத் தட்டால் ஓட்டத்தை அடைப்பது) இரண்டு மாதங்களுக்கு முன் அங்கே கொண்டுபோனேன். அதற்கு முன் வேறோர் இடத்தில் அதை இரண்டு தடவை வெல்டிங் செய்து, "தேய்மானம்" என்று பில்லில் எழுதித் தந்திருந்தார்கள். இரண்டு தடவையும், பூட்டிய அன்றே தகரப் பேணிக்குள் சல்லிக்கல்லைக் குலுக்குவது போன்ற சத்தம் திரும்பியது. சில மாதங்களில் தட்டும் அரிபட்டுப் போனது.

இங்கிருந்த மூத்த தொழிலாளி உடனே விலை பேசவில்லை. தட்டைக் கம்பித் தூரிகையால் துடைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, என்னைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் வரும் பக்கம் வழுவழுப்பாகவே இருக்க, போகும் பக்கத்து விளிம்போ கறையான் தின்ற பலகையைப் போல விரலைப் பிறாண்டியது. "மண் அரிச்சிருந்தா தண்ணி ஓடுற பக்கமாக் கோடு விழும், தம்பி. இது குமிழி வெடிச்ச குழி" என்றார்.

வெடிப்பு என்று அவர் சொன்னது உண்மையில் உள்நோக்கிய நொறுங்கல். ஒடுங்கிய வழியில் வேகம் கூடுகையில் அழுத்தம் விழுகிறது. 30 பாகை வெப்பநிலையிலுள்ள தண்ணீரில் அது வெற்றிடத்திலிருந்து கணக்கிட்டுச் சுமார் 0.04 பாருக்குக் கீழே இறங்கினால், சூடேற்றாமலே தண்ணீர் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகும். வால்வைத் தாண்டி அழுத்தம் மீளும்போது அவை நொறுங்கி, ஊசி போன்ற நீர்த்தாரைகளால் உலோகத்தைக் குத்துகின்றன. இதையே கேவிட்டேஷன் என்கிறோம்.

ஸ்டெல்லைட் என்ற கடினமான கலப்புலோகத்தைத் தட்டில் பூசித் தரும்படி கேட்டேன். அது குழி விழுவதைப் பிந்தவைக்குமே தவிர நிறுத்தாது என்று மறுத்துவிட்டார். வரக்கூடிய காசை இப்படி விடுபவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அழுத்தம் அந்தளவு ஆழமாக விழாத குளோப் வால்வைப் பூட்டி, அதற்கு அப்பால் துளையிட்ட தட்டொன்றையும் வைத்து, 5 பார் வீழ்ச்சியை இரண்டு படியாகப் பிரிக்க வேண்டும் என்பதே அவருடைய யோசனை. புதிய வால்வின் இருக்கையை (மூடும்போது அடைப்பான் வந்து அமரும் வளையத்தை), வால்வின் 16 பார் தரத்துக்கு 1.1 மடங்கான 17.6 பார் நீரழுத்தத்தில், என் கண்முன்னே சோதித்தார்கள். ஒரு துளியும் கசியவில்லை.

குறைகளும் உண்டு. நான்கு நாள் என்று சொன்ன வேலைக்குப் பதினொரு நாள் எடுத்தது. சோதனை அறிக்கையை எழுத்தில் கேட்டதற்கு, "நீங்களே பார்த்தீங்கள்தானே" என்ற பதில்தான் கிடைத்தது. கணக்காய்வாளருக்கு அதைக் காட்ட முடியாது. வாகனம் நிறுத்தவும் இடமில்லை.

பூட்டி ஐந்து வாரமாகிறது. சல்லிக்கல் சத்தம் நின்றுவிட்டது. குழாயில் கை வைத்தால் அதிர்வும் தெரியவில்லை. வருடாந்தப் பராமரிப்பில் கழற்றி உட்புறத்தைப் பார்க்கும்வரை, ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.