பெரியப்பாவின் ஹிமாலயனும் போன 38,400 ரூபாயும்

நேற்று ராத்திரிதான் வண்டியை எடுத்து வந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பைக் கைக்கு வந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்றும் கடைசியில் சொல்கிறேன்.

பெரியப்பா போன பிறகு அவருடைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக், 2017 மாடல், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) இல்லாதது, தேவனாம்பட்டினம் வீட்டு ஷெட்டில் இரண்டு வருஷம் சும்மா நின்றது. கடல் கூப்பிடு தூரம். ஸ்போக்ஸ் முழுக்கத் துரு, செயின் விறைத்துக் கிடந்தது, டேங்கில் பழைய பெட்ரோல். பெரியம்மா சாவியைக் கொடுத்ததும் குட்டியானையில் ஏற்றி, அட்வென்ச்சர் பைக் மட்டும்தான் தொடுவோம் என்று ரீல்ஸ் போடும் புதுச்சேரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொண்டுபோய் இறக்கினேன்.

அந்த ஆள் டேங்கில் இருந்த தூசியைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தான். பாடலீஸ்வரர் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "பெரியவர் ஒட்டினதாண்ணே? இது கிழியாம வேலை பார்த்துத் தரேன்" என்றான். அதில் விழுந்தவன்தான் நான். பிரேக் ஆயில், இரண்டு டயர், செயின் செட், ஃபோர்க் ஆயில் (முன்பக்க ஷாக் அப்சார்பருக்கு), கோன் செட் (ஹேண்டில் பார் திரும்பும் இடத்து பேரிங்) என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான். 38,400 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டு.

ராத்திரி வண்டியை எடுத்துத் திரும்பும்போது கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு டவுன்பஸ் திடீரென்று நின்றது. முன் பிரேக்கை அழுத்தினால் லீவர் கைப்பிடி வரைக்கும் சாய்கிறது. பின் பிரேக்கை மிதித்து, வண்டி வழுக்கி, பஸ்ஸுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

காலையில் திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் திறந்து காட்டினார். பிரேக் ஆயில் டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. கோன் செட்டில் கிரீஸே இல்லை, துருதான். டயர் பக்கவாட்டில் 1417, அதாவது 2017ஆம் வருஷம் 14ஆவது வாரம் செய்தது. அதிகம் ஓடாததால் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) தேயவில்லை, ரப்பர் மட்டும் கல்லாகி வெடிப்பு விட்டிருக்கிறது. அதை பாலீஷ் போட்டுப் புதுசாக்கியிருக்கிறான். நான் கேட்கவே கேட்காத ஃபாக் லேம்ப் மட்டும் ஜோராக எரிகிறது. ஸ்டிக்கரும் கிழியவில்லை, அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றிவிட்டான்!

போன் போட்டால் முதலில் "பையன் மாத்தி மாட்டிட்டாண்ணே". அடுத்து "ஓனர் சென்னையில இருக்காரு". இவன்தான் ஓனர் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது தடவை, "ரெண்டு வருஷம் நின்ன வண்டிண்ணே, அப்படித்தான் இருக்கும்". அதைச் சரிசெய்யத்தானே ஐயா 38,400? அப்புறம் வாட்ஸப்பில் நீல டிக்கோடு சரி.

சரி, சொன்ன விஷயம். முதலில் பிரேக், டயர். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், வண்டி நின்றாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டயரில் பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். செயின், ஃபோர்க் பற்றியும் எழுத நினைத்தேன், முடியவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915க்கு காலையிலிருந்து முயன்று இப்போதுதான் லைன் கிடைத்திருக்கிறது.