பழைய பியர்க் குவளை: ஸ்டோன்வேரா, கண்ணாடியா?

ஜெர்மனியின் மியூனிக் நகரில், மரியாஹில்ஃப் சதுக்கத்தில் வருடம் மூன்று தடவை ஆவர் டுல்ட் சந்தை கூடும். போன ஜூலையில் அங்கே ஒரு கடையில் பியர் ஆலை விளம்பரக் குவளைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று சாம்பல் நிற ஸ்டோன்வேர், அதாவது கடும் சூட்டில் சுட்ட கெட்டியான மண்பாண்டம். நீலத்தில் கிரீடமும் ‘எச்பி’ எழுத்தும், அதாவது மியூனிக்கின் ஹோஃப்பிராய்ஹவுஸ் பியர் ஆலையின் முத்திரை, மேலே வெள்ளீய மூடி. மற்றது கனத்த கண்ணாடி, பியர் ஆலையின் பெயர் எனாமல் வண்ணத்தில். கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது. ஸ்டோன்வேரை எடுத்தேன்.

அழகு அவரவர் கண். அலமாரியில் வெளிச்சம் பட்டால் கண்ணாடிக்குத் தனிக் களை உண்டு. குடிப்பவருக்கும் அதுதான் நியாயமான பாத்திரம்: எவ்வளவு ஊற்றினார்கள் என்று வெளியிலிருந்தே தெரியும். மியூனிக்கின் பியர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்டில் 1892-இலேயே கண்ணாடிக் குவளை வந்துவிட்டது. காலத்தைக் கணிப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. 1884 முதல் ஜெர்மனி முழுக்க மதுக்கடைக் குவளைகளில் அளவுக்கோடு, அதாவது எதுவரை ஊற்ற வேண்டும் என்று காட்டும் கோடு, கட்டாயம். ‘ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன சரக்கு.

எனக்கு முடிவைத் தந்தது வேறு: விளம்பர எழுத்து நிற்குமா, பழுது கண்ணில் படுமா? திரும்ப விற்கும்போது விலையை ஏற்றி இறக்குவது இவை இரண்டும்தான்.

ஸ்டோன்வேர் சூளை 1200 டிகிரியைத் தாண்டியதும் உள்ளே சாப்பாட்டு உப்பை வீசுவார்கள். அந்த ஆவி களிமண்ணோடு சேர்ந்து ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிபுள்ளியான மெருகாகப் படியும். கோபால்ட் நீலம் அந்தச் சூட்டையும் தாங்கி மெருகோடு ஒன்றிவிடுவதால், நூறு வருடம் கழுவினாலும் ஆலையின் பெயர் அழியாது. கண்ணாடியில் எழுத்து மேற்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. முன்பு நான் வாங்கிய ஓர் அரை லிட்டர் கண்ணாடிக் குவளையை வெந்நீரில் ஸ்பாஞ்சால் தேய்த்தேன்; தங்க ஓரம் ஸ்பாஞ்சோடு வந்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

பழுது விஷயத்தில் நம் பாட்டிமார் பானை வாங்கும் வழியே போதும். மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, விளிம்பை விரலால் சுண்டுங்கள். கணீரென்றால் நல்லது, சத்தம் அடங்கினால் எங்கோ கீறல் ஓடுகிறது. கண்ணாடியில் விளிம்பு சில்லு போனால் மழமழவென்று தேய்த்துச் சமன் செய்துவிடுவார்கள், சட்டென்று தெரியாது. அளவுக்கோட்டுக்கும் விளிம்புக்கும் இடைவெளி வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் சந்தேகப்படலாம்.

ஸ்டோன்வேரில் ஏமாற இடம் மூடி. உடைந்த குவளையின் மூடியை வேறொன்றில் பொருத்திவிடுவார்கள். மூடி விளிம்பில் நடுவாக உட்காருகிறதா, கைப்பிடியைச் சுற்றிய வெள்ளீயப் பட்டையில் புது ஒட்டு தெரிகிறதா என்று பாருங்கள். நான் வாங்கியதில் பட்டைக்கும் கைப்பிடிக்கும் இடையே பல வருட அழுக்கு ஒரே கறுப்புக் கோடாக, எங்கும் அறுபடாமல் ஓடுகிறது. அதைப் பார்த்ததும் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

கண்ணாடியை நான் விற்றுப் பார்த்ததில்லை; அதன் மறுவிற்பனை பற்றி உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. தினம் குடிக்க வேண்டுமென்றால் கண்ணாடியே வாங்குங்கள்; பழைய மூடிகளில் காரீயம் கலந்திருக்கலாம். பராமரிப்புக்கு உலர்ந்த துணி போதும். மூடிக்கு மட்டும் பாலிஷ் போடாதீர்கள், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள்: ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் உலோகம்தான் இதுவும், வெறும் சூட்டில் உருகிவிடும்.