கோத்தகிரியில் அத்தையின் காப்பீட்டு அட்டை

அமெரிக்காவில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மெடிகேர் என்பது சம்பளச் சீட்டில் 1.45 சதவீதம் வரி பிடித்து நடத்தும் அரசு மருத்துவக் காப்பீடு. 65 வயதானால் அந்தக் காப்பீடு கிடைக்கும். வேலை செய்ய முடியாத அளவுக்கு உடல் பாதிக்கப்பட்டவர்களுக்கு, அரசு உதவித்தொகை தொடங்கி பெரும்பாலும் 24 மாதம் கழித்து, 65 ஆகாவிட்டாலும் உண்டு. ஏழையா பணக்காரரா என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. இதே நினைப்போடு கோத்தகிரிக்குப் போய் அத்தையின் மூட்டு வலிக்கு வழி பார்த்தால், இங்கே கணக்கே வேறு.

அத்தை டேன்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் கொழுந்து பறித்தவர். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அவரிடம் தமிழக அரசின் ‘முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட’ அட்டை இருக்கிறது. நம் பக்கத்தில் இன்னும் பலருக்கு அது ‘கலைஞர் காப்பீடு’தான், 2009-ல் அந்தப் பெயரில் வந்து, 2012-ல் பெயர் மாறியது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

“கார்டு இருக்கில்லப்பா, அப்புறம் எதுக்கு டாக்டர் ஃபீஸ் கேட்கிறாங்க?” இதுதான் அத்தையின் கேள்வி. ஒரு தனியார் மருத்துவமனையில் சும்மா காட்டிவிட்டு வந்ததற்கே நல்ல தொகை போயிருந்தது. அங்கே யாரும் அவருக்கு விளக்கவில்லை, எனக்கு அதுதான் கோபம். விஷயம் இதுதான்: இந்த அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. பட்டியலில் உள்ள அறுவைச் சிகிச்சைகள், சில பரிசோதனைகள், அதுவும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், முன் அனுமதி வாங்கிய பிறகு. புறநோயாளியாகப் போய் மருந்துச் சீட்டு வாங்குவது இதில் வராது. நாமே பணம் கட்டிவிட்டு பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம் என்றும் நினைக்கக் கூடாது; இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். மூட்டு மாற்று அறுவை பட்டியலில் உண்டு. ஆகவே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் முதலில் காப்பீட்டுத் திட்டக் கவுன்டரைத் தேடுங்கள், டாக்டர் அறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவரைச் சேர்க்க மாட்டார்கள். மகன் வீட்டுக் கார்டுக்கும் மகள் வீட்டுக் கார்டுக்கும் இடையில் பெயர் காணாமல் போன கிழவிகள் எங்கள் லைனிலேயே (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) இருக்கிறார்கள். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டில், 70 வயதானவர்களுக்காக 2024 அக்டோபர் 29-ல் தொடங்கிய விரிவாக்கத்தில் வருமான வரம்பு கிடையாது, வயது மட்டும்தான். ஆனால் அந்த வயதை ஆதார்தான் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிறந்த தலைமுறைக்கு ஆதாரில் உள்ள பிறந்த தேதி யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. எங்கள் சொந்தத்தில் அக்காவைவிட மூத்த தங்கை ஒருவர் இருக்கிறார், ஆதார்படி!

தினசரி மாத்திரைக்கு வேறு வழி இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வரும். இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. மாத்திரையோடு மேட்டு லைனில் ஏறி வருகிற அந்தத் திட்டப் பெண்களைப் பார்த்தபோது எனக்கு மெடிகேர்மேல் இருந்த பெருமை கொஞ்சம் குறைந்தது. இந்த அட்டைகள் எதுவும் தீர்க்காத ஒரு செலவு, வண்டி. பெரிய அறுவை என்றால் ஊட்டி, இல்லாவிட்டால் குஞ்சப்பனை வழியாகக் கோவை. துணைக்கு ஒருவர் வேலையை விட்டு வர வேண்டும். மலையில் வயதானவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு, என் கணக்கில், அதுதான் முதல் காரணம்.

அத்தை மகனுக்கு மூளை முடக்குவாதம். அவனுக்காகத் தேடியபோதுதான் நிராமயா பற்றித் தெரிந்தது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை. புறநோயாளிச் செலவும் பயிற்சிச் சிகிச்சையும் இதில் சேரும். வயது வரம்பு இல்லை, சேரும் முன் மருத்துவப் பரிசோதனையும் இல்லை. அறக்கட்டளையில் பதிவு பெற்ற அமைப்புகள் மூலம் சேரலாம். ஆனால் இங்கே நாம் செலவழித்துவிட்டுப் பில் கொடுக்க வேண்டும், அதனால் மருந்துக்கடைச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது. அத்தை இப்போது பழைய பிஸ்கட் டின் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு வைக்கிறார்.

நிராமயாவை மார்ச் 31-க்குள் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பிப்ரவரியிலேயே போன் செய்து நினைவுபடுத்துவதாகச் சொன்னேன். அத்தை என்னை நம்பாமல் எதிர்வீட்டுப் பெண்ணிடமும் சொல்லி வைத்துவிட்டார்.