வாழைத் தோப்பில் இரவுக் காட்சிக் கருவி: ஓர் அனுபவம்

இரவுக் காட்சிக் கருவியின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கடையத்திலிருந்து மைத்துனர் கேட்கிறார். அவருக்கும் எனக்கும் தொல்லை ஒன்றுதான்: மலையடிவாரத்துத் தோட்டம், ராத்திரியில் வந்து வாழையின் அடிக்கிழங்கைத் தோண்டும் காட்டுப்பன்றி. என்னிடம் இருப்பது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் டிஜிட்டல் வகை. எத்தனை மடங்கு பெரிதாக்கும், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அதில் அச்சிடாத சங்கதி வாழை இலை.

இந்தக் கருவி நம் கண்ணுக்குத் தெரியாத 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைத் தானே வீசி, திரும்பி வருவதைப் படமாக்குகிறது. பச்சை இலையோ அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அடிக்கும். களக்காட்டில் என் ஏத்தன் வாழைத் தோப்புக்குள் நின்று பொத்தானை அழுத்தினால், முன்னால் தொங்கும் இலை சுண்ணாம்பு அடித்த சுவராக நிற்கிறது. அந்த வெளுப்புக்குத் தக்கபடி கருவி படத்தை மங்கவைக்க, பின்னால் நிற்கும் பன்றி காணாமல் போகிறது. கார்த்திகைத் தூறலில் இன்னும் மோசம். ஒவ்வொரு துளியும் வெள்ளைப் புள்ளி. விளக்கைக் குறைக்கலாமே என்பார்கள். குறைத்தால் தூரம் தெரியாது.

பக்கத்தில் என் நாயோ காதை விடைத்துக்கொண்டு சரியான வரப்பைப் பார்த்து உறுமும். மூக்கும் காதும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் கண்ணும் லேசுப்பட்டதல்ல. நாய், பூனை, மாடு, மிளா மான் எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒரு படலம் உண்டு. பிடிபடாமல் தப்பிய ஒளியை அது மறுபடியும் விழித்திரைக்கே அனுப்பும். நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு பூனைக்குப் போதும் என்கிறார்கள். திரும்பி வரும் ஒளி அவற்றுக்கு லாபம், எனக்கு நட்டம்.

அந்தப் படலத்தால்தான் கருவியில் மிளாவின் கண் வயலின் மறுகோடியிலிருந்தே பளீரென்று மின்னுகிறது. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. நான் தேடுகிற ஆளுக்கு மட்டும் கண் மின்னாது!

நியாயத்தையும் சொல்லவேண்டும். அறுத்த வயலில், அமாவாசையில், இதன் அருமையே தனி. பம்புசெட் அறைக் கதவைச் சாத்திவிட்டால் பூனைக்கும் கண் தெரியாது. துளி ஒளியும் இல்லாத இடத்தில் எந்தப் படலமும் உதவாது. அங்கே குழாயோரம் சுருண்டு கிடந்த பாம்பை எனக்குக் காட்டியது இந்தக் கருவிதான். கொடுத்த காசு அன்றைக்கே செரித்துவிட்டது.

உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் வகைக்கு விளக்கே வேண்டாம். ஆனால் அடர்ந்த இலைக்குப் பின்னால் அதுவும் திணறும். விலையும் பல மடங்கு.

மைத்துனரிடம் வாங்கவேண்டாம், நல்ல நாய்க்குட்டியாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்களுடையதை எனக்கு விலைக்குத் தாருங்கள் அத்தான் என்றார். தரமுடியாது என்றேன்.