‘ஓயாத இயக்கம்’ எஃகுக் குண்டுப் பொம்மை: ஆற்றல் எங்கே நுழைகிறது, எங்கே போகிறது

மரப் பீடம், அதன்மேல் வளைந்து இறங்கி ஏறும் இரட்டைக் கம்பித் தடம், உச்சியில் நடுவே ஓட்டை உள்ள கிண்ணம். கிண்ணத்தில் போட்ட எஃகுக் குண்டு ஓட்டை வழியே தடத்தில் விழுந்து, உருண்டு, மறுமுனையில் எகிறிப் பறந்து மீண்டும் கிண்ணத்துக்கே வந்து சேர்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது, வேலைப்பாடும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் இந்த வகைப் பொம்மைகளை ‘ஓயாத இயக்கம்’ என்று விற்கிறார்கள். ஆற்றலுக்கு அழிவில்லை, ஆகவே உயிருக்கும் அழிவில்லை என்ற பேச்சும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘ஓயாத இயக்கம்’ என்பதும் பிழை, ஆற்றலிலிருந்து உயிருக்குத் தாவும் இந்த முடிவும் பிழை. அதைப் புரிந்துகொள்ள இந்தப் பொம்மையைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது என்பதால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

பீடத்துக்குள், தடத்தின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு நேர் கீழே, ஒரு செம்புக் கம்பிச்சுருள் ஒளிந்திருக்கிறது. குண்டு நெருங்குவதை ஓர் உணரி கண்டதும் சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. சுருள் காந்தமாகிக் குண்டை முன்னோக்கி இழுக்கிறது. குண்டு சுருளின் நடுவைத் தாண்டுவதற்குள் மின்னோட்டம் நின்றுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் அதே காந்தம் பின்னோக்கி இழுத்து, கொடுத்த வேகத்தைத் திரும்பப் பிடுங்கிவிடும். தயாரிப்பின் தரம் தெரிவது இந்த நேரக்கணக்கில்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டின் நிறை ஏறத்தாழ 7 கிராம். 10 செ.மீ. இறங்கும்போது அதன் நிலை ஆற்றலில் சுமார் 7 மில்லிஜூல் இயக்க ஆற்றலாகிறது. உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அது முழுதும் உயரமாகத் திரும்பாது. பலரும் கவனிக்காத இடம் இது. உருளும் குண்டு தன் இயக்க ஆற்றலில் ஒரு பங்கைச் சுழற்சியில் வைத்திருக்கிறது. சமதளத்தில் அந்தப் பங்கு 7-இல் 2. இரண்டு கம்பிகளுக்கு நடுவே குண்டு சற்று அமிழ்ந்து உருள்வதால் இங்கே பங்கு கூடுகிறது. குண்டு கம்பிகளைத் தொடும் புள்ளிகளுக்கு இடையே 8 மி.மீ. இருந்தால் ஏறத்தாழ 42 விழுக்காடு சுழற்சிக்கே போய்விடும். தடத்தை விட்டு எகிறிய பிறகும் குண்டு காற்றில் அதே சுழற்சியோடுதான் பறக்கும். அந்த ஆற்றல் அதை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. கிண்ணத்தில் விழும்போது ஒலியாகவும் வெப்பமாகவும் கொஞ்சம் கழிகிறது.

இந்தக் குறையைச் சுற்றுக்குச் சுற்று சுருள் ஈடுகட்டுகிறது. 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் 20 மில்லிநொடி பாய்வதாக வைத்தால் உள்ளே போவது 100 மில்லிஜூல். குண்டுக்குச் சேர்வது அதில் சில மில்லிஜூல் மட்டுமே. மிச்சத்தில் பெரும்பகுதி சுருளைச் சூடாக்குகிறது. நெடுநேரம் ஓடவிட்டுப் பீடத்தின் அடியைத் தொட்டால் கை அந்தச் சூட்டை உணரும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை இரண்டு. மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுக் குண்டைப் போடுங்கள்: எகிறும், கிண்ணத்தை எட்டாது. பிறகு இணைப்பைக் கொடுத்து, அதே விட்டமுள்ள கண்ணாடிக் கோலியைப் போடுங்கள். கண்ணாடியைக் காந்தம் இழுக்காது என்பதால் மின்சாரம் இருந்தும் கோலி தோற்றுப்போகும். பிள்ளைகளுக்குக் காட்டுவதாக இருந்தால் இரண்டாவது சோதனையை விட்டுவிடாதீர்கள். முதலாவது மின்சாரம் தேவை என்பதை மட்டும் சொல்கிறது, இரண்டாவதுதான் அது எந்த வழியே குண்டுக்குள் போகிறது என்பதைச் சொல்கிறது.

குண்டு கிண்ணத்துக்கு வெளியே விழுந்தால் முதலில் ரசமட்டம் வைத்துப் பீடத்தைப் பாருங்கள். சிறு சாய்வு போதும், குறி தவறிவிடும். அடுத்து, குண்டையும் தடத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள், விரல் எண்ணெய் பட்டால் குண்டு வழுக்கும். தொலைந்த குண்டுக்கு மாற்றாகத் தாங்குருளைக் குண்டு (பேரிங் குண்டு) வாங்கலாம், ஆனால் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகில் 304 வகையைக் காந்தம் அநேகமாக இழுக்காது. சிறு குழந்தைகள் விழுங்கிவிடக்கூடிய அளவு என்பதால் அவர்கள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

இனி அந்த ‘அழிவில்லை’ என்ற பேச்சு. இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது, உள்ளது இல்லாமல் போகாது என்ற சற்காரியவாதம் சாங்கிய தத்துவத்திலும் சைவ சித்தாந்தத்திலும் ஆழ வேரோடிய சிந்தனை. ஆற்றல் அழிவின்மை விதி அதன் காதில் இனிமையாக ஒலிப்பது இயல்பே. ஆனால் சற்காரியவாதம் பேசுவது பொருளைப் பற்றி. இயற்பியல் பேசும் ஆற்றல் பொருளன்று, ஓர் எண். உருளும் குண்டின் இயக்க ஆற்றல் மேசையருகே நிற்பவருக்கு ஒரு மதிப்பு, குண்டோடு கூடவே அதே வேகத்தில் செல்பவருக்கு வேறு மதிப்பு. பார்ப்பவரைப் பொறுத்து மாறும் எண்ணை ஆன்மா என்று எப்படிச் சொல்வது? ஓய்விலிருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. இறப்புக்குப் பின் உடலில் எஞ்சிய வேதி ஆற்றல் வெப்பமாகச் சிதறுகிறது. எண் மிஞ்சுகிறது, அந்த மனிதரை மனிதராக வைத்திருந்த ஒழுங்கு மிஞ்சுவதில்லை. ஆன்மாவை நம்புகிறவர் நம்பட்டும், அதற்கு இந்த விதியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

ஆற்றல் அழிவின்மை விதியும் வேதவாக்காக வந்ததன்று. 1924-இல் நீல்ஸ் போர், கிராமர்ஸ், ஸ்லேட்டர் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் அணு நிகழ்வுகளில் அது சராசரியாக மட்டுமே பொருந்தும் என்று முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே வால்டர் போதே, ஹான்ஸ் கைகர் என்ற இயற்பியலாளர்கள் இருவரின் சோதனை அதை மறுத்தது. உண்மையான வியப்பு கணிதவியலாளர் எம்மி நோதர் 1918-இல் வெளியிட்ட தேற்றத்தில் இருக்கிறது: இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாக இருந்தால், ஆற்றல் என்ற எண் மாறாமல் இருந்தே தீரும். பேரண்டம் விரிந்துகொண்டே இருப்பதால், நேற்றும் இன்றும் ஒன்று என்ற அந்தச் சமச்சீர் அதற்கு இல்லை. தொலைவிலிருந்து வரும் ஒளி அலைநீளம் நீண்டு ஆற்றலை இழக்கிறது, அதை ஈடுகட்டும் மொத்தக் கணக்கு ஒன்றைப் பொதுவாக வரையறுக்கவும் முடிவதில்லை. தியானத்துக்கு ஒரு கருப்பொருள் வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளலாம், விளம்பர வாசகத்தைவிட எவ்வளவோ ஆழமானது.

வாங்கலாமா என்றால், பீடத்தின் அடிமூடியைத் திருகு கழற்றித் திறக்க முடிகிற வகையை வாங்கலாம். ஒட்டி மூடியதை வேண்டாம் என்பேன். சுருளைக் கண்ணால் காட்ட முடியாவிட்டால், பழுது பார்ப்பதும் கடினம், பாடம் நடத்துவதும் கடினம்.