புல் முதலில், தானியம் பிறகு: கொழும்பில் ஒரு ஜம்பிங் குதிரைக்குத் தீனி போட்ட அனுபவம்

கொழும்பில் போட்டிக் குதிரை வைத்திருப்பவர்கள் சந்தித்தால் முதலில் கேட்பது, "எந்தப் பை வாங்குறீங்க?" என்பதுதான். பை என்றால் வெளிநாட்டிலிருந்து வரும் குச்சித் தீவனம். பை நானும் வாங்குகிறேன். ஆனால் சில வருடங்களாக ஷோ ஜம்பிங் (தடை தாண்டும் போட்டி) குதிரை ஒன்றுக்குத் தீனி போட்டுவரும் எனக்கு, புல் எவ்வளவு, எந்த நேரத்துக்கு என்ற கேள்விதான் பெரிதாகப் படுகிறது. புல்லை முதலில் வைக்கும் இந்த முறை கொழும்புச் சூட்டிலும் ஈரத்திலும் எப்படி நடக்கிறது என்று எழுதுகிறேன்.

ஏன் புல்? குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது. 8 முதல் 15 லீற்றர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவும் பகலும் சுரக்கும், வயிறு காலியாக இருந்தாலும் நிற்காது. அதைத் தணிப்பது உமிழ்நீர். உமிழ்நீரோ மெல்லும்போதுதான் ஊறும். ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்று முடிக்க 40 நிமிடம் வரை ஆகும், அதே எடை ஓட்ஸ் 10 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டு வேளை வாளி நிறையத் தானியம் கொடுத்துவிட்டு இடையில் வெறும் தொட்டியோடு நிற்க வைத்தால் இரைப்பையில் புண் வராமல் என்ன செய்யும்? பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் இருப்பதை எண்டோஸ்கோப் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன.

எங்கள் குதிரை ஏறக்குறைய 500 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம் உலர்பொருள் (தீனியில் தண்ணீர் போக மிஞ்சும் எடை) என்று கணக்கிட்டால் நாளைக்கு 10 கிலோ வேண்டும். எவ்வளவு கடும் பயிற்சி இருந்தாலும் அதில் புல் போன்ற நார்த்தீவனம் மட்டும் 1.5 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. இங்கே வெட்டி வரும் கினிப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் பச்சைப் புல்லை மட்டும் நம்பினால் 40 கிலோவுக்கு மேல் தேவை. புல்லுக்கட்டைப் பார்த்து "இவ்வளவு போட்டிருக்கே" என்று நினைக்காதீர்கள், தராசில் வையுங்கள். நாங்கள் பகலில் பச்சைப் புல்லும், இரவில் சிறிய கண்ணுள்ள வலைப்பையில் காய்ந்த புல்லும் கொடுக்கிறோம். இரவு முழுக்க அது கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தின்னும்.

பலன் உடனே தெரியவில்லை. சில மாதம் போனபிறகு எங்கள் லாயத்து நானாதான் முதலில் சொன்னார்: "தம்பி, இப்ப வார் இறுக்கப் போனா காதைப் பின்னால சாய்க்கிறதில்ல." அடிவயிற்றில் சேணத்தின் வார் இறுக்கும்போது எரிச்சல் காட்டுவது இரைப்பைப் புண்ணின் அறிகுறிகளில் ஒன்று. பயிற்சிக்கு அரை மணி நேரத்துக்கு முன் கொஞ்சம் புல் கொடுப்பதையும் நாங்கள் விடுவதில்லை. வயிற்றில் நார் மிதந்தால் ஓடும்போது அமிலம் மேலே தெறிப்பது குறையும். தானியம் மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம்.

வடக்கே நெடுந்தீவில் தானாக மேய்ந்து திரியும் குதிரைகள் யார் கொடுக்கும் தானியமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வறட்சி வந்தால் அவை படும் பாடும் தெரிந்ததே. அதோடு ஜம்பிங் குதிரைக்குச் செலவாகும் சக்தி வேறு, அதற்குப் புல் மட்டும் போதாது. எனவே தானியம் உண்டு, அளவோடு. மாச்சத்து ஒரு வேளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் குதிரைக்கு அது ஒரு வேளையில் ஒரு கிலோ ஓட்ஸுக்குச் சற்று மேல். சோளத்தில் மாச்சத்து இன்னும் அதிகம், அவிக்காமல் போட்டால் சிறுகுடலில் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்றுவலியும் குளம்பழற்சியும் (குளம்புக்குள் வரும் வீக்கம்) அங்கிருந்துதான் தொடங்கும்.

2022 டொலர் தட்டுப்பாட்டில் பைகளின் விலை கைக்கு எட்டாமல் போனபோது தேங்காய்ப் புண்ணாக்கு கைகொடுத்தது. மாச்சத்து குறைவு, புரதம் 20 சதவீதம் அளவில், கொஞ்சம் எண்ணெய்யும் உண்டு. லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு அஃப்லடொக்சின் நஞ்சைச் சுமந்து வரும். மூக்கில் வைத்துப் பார்த்துச் சிக்கு வாடை வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

இந்த முறையில் நான் மிகவும் பயப்படும் இடம் சுண்ணாம்புச் சத்து. கினிப்புல், சி.ஓ.-3 போன்ற வெப்பநாட்டுப் புற்களில் ஒக்ஸலேற்று என்ற பொருள் உண்டு. அது கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். கூடவே அரிசித் தவிட்டையும் அள்ளிப் போட்டால் அதிலுள்ள பொஸ்பரசு நிலைமையை மோசமாக்கும். உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். முதலில் ஒரு நாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று நொண்டும், பிறகு முகத்தெலும்பு வீங்கும். இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் சரியாகவே காட்டும், ஏனென்றால் எலும்பைக் கரைத்து உடம்பு இரத்தத்தைச் சமாளித்துவிடுகிறது. அதனால் நொண்டியதும் குளம்பையும் தசைநாரையும் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். எங்கள் மிருக வைத்தியர் தீனி முழுவதையும் கணக்கிட்டுத்தான் கல்சியம் கலவையின் அளவைச் சொன்னார். அதை வீட்டிலே ஊகித்துப் போடக்கூடாது. தவிட்டை நாங்கள் அநேகமாக நிறுத்திவிட்டோம்.

அடுத்தது உப்பு. குதிரையின் வியர்வையில் லீற்றருக்குச் சுமார் 10 கிராம் உப்புகள் போகும், இந்தப் புழுக்கத்தில் கடும் வேலை செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 10 லீற்றருக்கும் மேல் வியர்க்கும். தண்ணீரோடு உப்பும் போவதால் அதற்குத் தாகமே தெரியாது, வாளியை முகர்ந்துவிட்டுப் போய்விடும். வேலையில்லாத நாளிலேயே 25 முதல் 30 கிராம் சாதாரண உப்பு தேவை. நக்கும் உப்புக்கட்டி போதும் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் அளந்து ஈரத் தீனியில் கலக்கிறோம். ஒன்று கவனியுங்கள்: இப்படி வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். மூச்சு வாங்குகிறது, தோல் காய்ந்திருக்கிறது என்றால் வேலையை நிறுத்தி வைத்தியரை அழையுங்கள்.

போட்டி என்று வரும்போது தேநீர் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. கஃபீனும், கொக்கோவில் உள்ள தியோபுரோமினும் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமான எஃப்.ஈ.ஐ.யின் தடைப்பட்டியலில் இருக்கின்றன. இலங்கையில் லாயத்தில் தேநீர்க் கோப்பை இல்லாத நேரம் ஏது? குதிரையின் வாளியில் கோப்பை கழுவுவதையும், மிச்சத் தேநீரைத் தீனியில் ஊற்றுவதையும் எங்கள் லாயத்தில் அடியோடு நிறுத்தியிருக்கிறோம். மத்தில்டா கார்ல்சன் இலங்கைக்காக டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையேறியதைப் பார்த்த பிள்ளைகள் இன்று பயிற்சிக்கு வருகிறார்கள், அவர்களுக்கு இந்தப் பழக்கம் ஆரம்பத்திலிருந்தே வர வேண்டும்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் குதிரை கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுத் தீனிக்கு மாற்ற 10 முதல் 14 நாள் வேண்டும், அங்கே போய் மாற்ற நேரம் இருக்காது. உங்கள் புல்லையே கட்டி எடுத்துப் போங்கள். இங்கேயே ஒரு வாரம் முன்பிருந்து புண்ணாக்கு ஊறிய நீரைக் கொஞ்சம் குடிதண்ணீரில் கலந்து பழக்குங்கள். அந்த மணம் இருந்தால் மலைநாட்டுத் தண்ணீரையும் முகம் திருப்பாமல் குடிக்கும்.